பெயர் அழிந்த சைக்கிள்



வாப்பாமார் மிதித்த பழைய சைக்கிள்கள் பல வீடுகளில் பெயர் அழிந்து கிடக்கின்றன. இரும்புக்கடைக்குப் போட முன் பெடல் பக்கத்துப் பெரிய பற்சில்லைத் துடைத்துப் பாருங்கள். கொக்குத் தலை தெரிந்தால் ரலி, விரித்த கை என்றால் ரட்ஜ், மனித உருவங்கள் என்றால் ஹம்பர்.

மூன்றும் முதலில் தனித்தனிக் கம்பனிகள். ஹம்பரை 1932இலும் ரட்ஜை 1943இலும் ரலி வாங்கியது. பின்னர் மூன்று பெயரும் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரத்துத் தொழிற்சாலையிலிருந்தே வந்தன.

பின்சில்லில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால், அதில் பொறித்த இரண்டு இலக்கம் ஆண்டைச் சொல்லும்: 52 என்றால் 1952. சில்லு மாற்றிய சைக்கிளென்றால் அது சில்லின் வயது மட்டுமே.

யார் வாங்கியது, எங்கே ஓடியது என்பதை எந்த இரும்பும் சொல்லாது. வீட்டு மூத்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.