அரைப்பேர்

அம்மாயியின் தகரப் பெட்டியில் மூன்று காகிதங்கள் இருந்தன. ஓர் இந்தியப் பாஸ்போர்ட், தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டை, கோத்தகிரியில் வாங்கிய ரேஷன் கார்டு. மூன்றிலும் அவள் பெயர் மூன்று விதமாக எழுதியிருந்தது. பிறந்த வருஷமும் மூன்று. 2016-ல் அவள் இறந்தபோது, சான்றிதழுக்கு எதைக் கொடுப்பது என்று அம்மா என்னிடம் கேட்டாள். டேட்டாபேஸ்களோடு பிழைப்பு நடத்துகிறவன் நான். மூன்றும் ஒரே ஆள்தான் என்று எந்தக் கணினியும் ஒப்புக்கொள்ளாது. கடைசியில் ரேஷன் கார்டைக் கொடுத்தோம்.

அன்றிரவு குடும்ப அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'தாயகம் திரும்பியோர்.' திரும்புவதென்றால் முதலில் அங்கிருந்து போயிருக்க வேண்டும் இல்லையா? அம்மாயி இந்தியாவை முதன்முதலாகப் பார்த்ததே 1974-ல்தான். அப்போது அவளுக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டி இருக்கும். மூன்று பிள்ளைகளுக்குத் தாய்.

அவள் பிறந்தது மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். அவளுடைய அம்மாவும் அதே மலையில் பிறந்தவள்தான். அப்பா மட்டும் சிறுவயதில் துறையூர்ப் பக்கத்திலிருந்து கங்காணியோடு கப்பலேறி வந்தவர். அந்த 'மட்டும்'தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-லேயே அங்கே ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. அந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது. தந்தை அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தந்தைவழித் தாத்தாவும் அவருடைய தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அதைக் காட்டக் காகிதமும் வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்குக் காகிதம் ஏது? மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் வாக்குரிமையும் போனது.

இதை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் ஒன்று உண்டு. அந்தச் சட்டம் அப்பாவைக் கேட்கிறது, தாத்தாவைக் கேட்கிறது, கொள்ளுத்தாத்தாவைக் கூடக் கேட்கிறது. மணமான பெற்றோரின் பிள்ளைக்கு, அம்மா எங்கே பிறந்தாள் என்று அது கேட்பதில்லை. அம்மாயியின் அம்மா அந்த மலையில் பிறந்ததும், அங்கேயே பிள்ளை பெற்றதும், அறுபது வயது வரை கொழுந்து பறித்ததும் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

1949-ல் இன்னொரு சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்தது. சுமார் 8 லட்சம் பேர் விண்ணப்பித்ததில் குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. அம்மாயியின் அப்பா போட்ட மனு தள்ளுபடியானது. அவளுடைய அக்கா வாக்கப்பட்ட குடும்பத்துக்கு மட்டும் கிடைத்தது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பெண்களில் ஒருத்தி இலங்கைக்காரி ஆனாள். இன்னொருத்தி ஒன்றுமே ஆகவில்லை.

1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974-ல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவுக்கு ஏழு பேர் போனால் இலங்கையில் நாலு பேருக்குக் குடியுரிமை என்பது விகிதம். மளிகைக்கடைச் சிட்டையில் இருப்பது மாதிரி இருக்கிறது.

தாத்தா 1970-ல் இந்தியப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டார். "அம்மாயிகிட்ட யாராவது கேட்டாங்களாம்மா?" என்றேன்.

"யாருடா கேப்பா? தாத்தா கையெழுத்துப் போட்டாரு. அம்மா பேரு அதுக்குக் கீழ இருந்துச்சு. எங்க பேரெல்லாம் அதுக்கும் கீழ."

பேர் என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் இன்னொரு அர்த்தம் உண்டு. விடிகாலையில் பெரட்டுக்குப் போய், மலையேறி, அன்றைக்கு வைத்த அளவுக்குக் கொழுந்து எடுத்து நிறுத்தால் ஒரு பேர் விழும். அதாவது ஒரு நாள் கூலி. அளவு குறைந்தாலோ பாதியில் இறங்கினாலோ அரைப்பேர். கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். ஆனாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாள்கூலி என்பது 1984-ல்தான் அங்கே வந்தது. அம்மாயிக்கு மாதம் இருபது பேருக்கு மேல் விழும். சம்பள நாளில் போய்க் காசை வாங்கி வருவது தாத்தா.

1973, 74-ல் தோட்டங்களில் பட்டினி வந்தது. அரிசியும் மாவும் கிடைக்கவில்லை. அம்மாவுக்குத் தன் சிறுவயதில் முதலில் நினைவிருப்பது அந்தப் பசிதான். அதற்குப் பிறகு போகாமல் இருக்கக் காரணம் இல்லை. போகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் அழுத அழுகையால், அந்த ரயிலுக்கே 'அழுகைக் கோச்சி' என்று பெயர். ஹட்டனில் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, கப்பலில் ராமேஸ்வரம். முன்பு கப்பல் தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்தது. ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம் ஆவதற்குள் புயல் அந்த ஊரையே கொண்டுபோய்விட்டது. ராமேஸ்வரத்திலிருந்து மண்டபம் முகாம். அங்கிருந்து நீலகிரி. இவர்களைக் குடியமர்த்துவதற்காகவே 1968-ல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் அங்கே இருந்தன. இன்று டேன்டீ என்கிறோம். மறுபடியும் அதே கூடை, அதே குளிர். அங்கே 'இந்தியாக்காரி' என்றிருந்தவள் இங்கே 'சிலோன்காரி' ஆனாள்.

ஓய்வு பெற்ற பிறகும் நாட்களைப் பேர் வைத்துத்தான் எண்ணுவாள். எனக்கு வேலை கிடைத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "மாசத்துக்கு எத்தன பேருடா விழும்?" சனி, ஞாயிறு லீவு என்றேன். "வேல செய்யாத நாளுக்கும் பேரு போடுறானா?" என்று நெடுநேரம் சிரித்தாள்.

அம்மாயியின் அம்மா இங்கே வரவில்லை. மூத்த மகளோடு அங்கேயே தங்கிவிட்டாள். 1979-ல் சாகும்போது அவள் எந்த நாட்டுப் பிரஜையும் இல்லை. மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க அங்கே சட்டம் வந்தது 1988-ல். பிறகு 2003-லும் ஒன்று வந்தது. சாவுக்கு அம்மாயியால் போக முடியவில்லை. தந்தி வந்த மறுநாளும் அவள் பெரட்டுக்குப் போனதாக அம்மா சொல்கிறாள்.

காகிதங்களை மடித்துப் பெட்டிக்குள் வைக்கும்போதுதான் அம்மா இன்னொன்றைச் சொன்னாள். அதுவரை எனக்குத் தெரியாது.

"கெளம்புற அன்னிக்கும் அம்மா கொழுந்துக்குப் போச்சுடா. மத்தியானம் லொறி வருது. மூட்டையெல்லாம் கட்டி வெளிய வச்சாச்சு. தாத்தா சத்தம் போடுறாரு. இது கூடையத் தூக்கிட்டுப் போயிருச்சு."

"எதுக்கு? அரைப்பேருக்கா?"

"கணக்கெல்லாம் மொத வாரமே முடிச்சாச்சு. அரைப்பேரும் கெடையாது, கால்பேரும் கெடையாது. பக்கத்து நெரையில அவங்கம்மா எடுத்துட்டு இருந்துச்சு. வயசாயிருச்சுல்ல, அளவு வராது, தெனம் அரைப்பேருதான். இது மத்தியானம் வரைக்கும் கூடவே நின்னு எடுத்துச்சு. எடுத்த கொழுந்தயெல்லாம் அவங்கம்மா கூடையில கொட்டிட்டு எறங்கி வந்துச்சு."

அன்றைக்கு அம்மாயியின் அம்மாவுக்கு முழுப்பேர் விழுந்திருக்கும்.