பழைய சான் ஹுவான்

பழைய சான் ஹுவான், கரீபியக் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவின் தலைநகரான சான் ஹுவானின் தொன்மையான பகுதி. ஸ்பானியர் 1521-இல் நிறுவிய இந்நகரம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளில் ஐரோப்பியர் அமைத்த மிகப் பழைய நகரமாகக் கருதப்படுகிறது. மதில், கோட்டை, தேவாலயம், கடற்கரை யாவும் நடந்தே சென்றடையும் தொலைவில் இருப்பதால், இரண்டு மூன்று நாள் விடுமுறையில் குழந்தைகளுடன் சிக்கனமாகப் பார்த்து வரக்கூடிய கரீபிய நகரங்களுள் ஒன்றாக இது விளங்குகிறது.

அமைவிடமும் பயணமும்

நகரம் அமைந்திருப்பது போர்ட்டோ ரிக்கோவின் வடகரையை ஒட்டிய ஒரு சிறு தீவில். அதன் வடக்கே அட்லாண்டிக் பெருங்கடல், தெற்கே சான் ஹுவான் விரிகுடா. கிழக்கே பாலங்கள் அதைப் பெருந்தீவுடன் இணைக்கின்றன. லூயிஸ் முனோஸ் மரீன் பன்னாட்டு விமான நிலையம் ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில் உள்ளது. அங்கிருந்து டாக்சிகளுக்குப் பகுதிவாரியாக நிர்ணயித்த கட்டணம் உண்டு. நகரப் பேருந்து மலிவு. ஆனால் நேரம் பிடிக்கும்.

போர்ட்டோ ரிக்கோ அமெரிக்க ஆட்சிப்பகுதி என்பதால் அமெரிக்காவின் பிற நகரங்களிலிருந்து வரும் விமானங்கள் உள்நாட்டுப் பயணமாகவே கணக்கிடப்படுகின்றன. நாணயம் அமெரிக்க டாலர். மக்கள் மொழி ஸ்பானியம். சுற்றுலா இடங்களில் ஆங்கிலமும் செல்லும். இந்தியக் கடவுச்சீட்டுடன் வெளிநாட்டிலிருந்து நேரே வருவோர் அமெரிக்க விசா பெற்றிருக்க வேண்டும்.

வரலாறு

ஹுவான் போன்சே தே லியோன் 1508-இல் விரிகுடாவின் தென்புறத்தில் கப்பாரா என்ற குடியிருப்பை ஏற்படுத்தினார். சதுப்பு நிலமும் நோயும் வாட்டவே குடிகள் துறைமுகத்தை ஒட்டிய சிறுதீவுக்கு இடம்பெயர்ந்தனர். அமெரிக்கக் கண்டத்துச் செல்வத்தை ஏற்றிய ஸ்பானியக் கப்பல்களுக்குக் கரீபியக் கடலின் கிழக்கு வாயிலில் இத்துறைமுகம் காவலாக நின்றது. ஆகவே பகைவர் கண்ணும் இதன்மேல் விழுந்தது.

1595-இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் டிரேக் கடல்வழியே தாக்கித் தோற்றுத் திரும்பினார். 1598-இல் கம்பர்லாண்டு பிரபு கடலை விட்டுத் தரைவழியே வந்து எல் மோரோ கோட்டையைப் பிடித்தார். ஆனால் படையினரிடையே பரவிய வயிற்றுக்கடுப்பு அவரை விரைவில் வெளியேற்றியது. 1625-இல் டச்சுக்காரர் நகருக்குள் புகுந்தனர். கோட்டை பணியாததால் நகரைக் கொளுத்திவிட்டுப் போயினர். இந்த அடிகளுக்குப் பிறகே நகரைச் சுற்றி மதிலும், தரைப்பக்கம் காக்கப் புதிய கோட்டையும் எழுந்தன. 1797-இல் ஆபர்குரோம்பி தலைமையில் வந்த பிரித்தானியப் படையால் உள்ளே நுழைய முடியவில்லை.

1898 மே மாதம், ஸ்பெயினுடனான போரில், அமெரிக்கக் கடற்படை நகரைப் பீரங்கியால் தாக்கியது. அவ்வாண்டு இறுதியில் பாரிஸ் உடன்படிக்கைப்படி தீவு அமெரிக்காவின் கைக்கு மாறியது. 1955-இல் தோன்றிய போர்ட்டோ ரிக்கோ பண்பாட்டு நிறுவனம், ரிக்கார்தோ அலெக்ரியாவின் தலைமையில் பாழடைந்து கிடந்த பழைய வீடுகளை மீட்டுச் சீரமைக்கும் பணியை முன்னெடுத்தது. இன்று காணும் வண்ண வீதிகள் அம்முயற்சியால் தப்பியவை. 1983-இல் லா ஃபோர்த்தலேசா மாளிகையும் கோட்டைகளும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாயின.

கோட்டைகள்

எல் மோரோ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சான் ஃபெலிப்பே கோட்டை 1539-இல் தொடங்கப்பட்டது. துறைமுக வாயிலின் முனையில் ஆறு தளங்களாகக் கடல்மட்டத்திலிருந்து 40 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது. சரிவுப் பாதைகள், பீரங்கி மேடைகள், மதில்மூலைகளில் தொங்குவதுபோல் அமைந்த சிறு காவற்கூண்டுகள் எனக் குழந்தைகள் ஏறி இறங்கிப் பார்க்க நிறையவே உண்டு.

கோட்டைக்கு முன் மரமேதும் இல்லாத பரந்த புல்வெளி கிடக்கிறது. தரைவழி வரும் பகைவனுக்கு மறைவிடம் கிடைக்கக் கூடாது என்று வெறுமையாக விட்ட நிலம் அது. இன்று கடற்காற்று ஓயாமல் வீசும் அவ்வெளியில் வார இறுதிகளில் குடும்பங்கள் கூடிப் பட்டம் விடுகின்றன. பட்டத்துக்கு இங்கே சிரிங்கா என்று பெயர், அருகிலேயே விற்பார்கள். புல்வெளிக்குள் நுழையக் கட்டணம் இல்லை.

கிழக்கே ஒன்றரைக் கி.மீ. தொலைவில் உள்ள சான் கிறிஸ்தோபல், அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பானியர் கட்டியவற்றுள் மிகப் பெரிய கோட்டை. பரப்பு 27 ஏக்கர். ஒரு பகுதி வீழ்ந்தாலும் அடுத்தது தாக்குப்பிடிக்கும்படி அரண்கள் அடுக்கடுக்காய் உள்ளன. சிறுதீவில் நன்னீர் ஊற்று அரிது என்பதால் முற்றத்தின் அடியில் மழைநீர்த் தொட்டிகளைக் கட்டினர். சுரங்க வழிகள் சிறுவருக்குப் பிடித்தவை.

இரு கோட்டைகளையும் தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது. 16 வயது நிரம்பியவருக்குக் கட்டணம் 10 டாலர். ஒரே சீட்டில் இரண்டையும் பார்க்கலாம். 15 வயது வரை கட்டணம் இல்லை. நால்வர் குடும்பத்தில் பெற்றோருக்கு மட்டும் சீட்டு வாங்கினால் போதும்.

வீதிகளும் பிற இடங்களும்

வீதிகளில் பாவிய நீலச்சாயல் கற்கள் இரும்புருக்கு உலைக் கசடிலிருந்து வார்த்தவை. மழையில் வழுக்கும், குழந்தை வண்டியின் சக்கரமும் தடுமாறும். நல்ல பிடிமானமுள்ள காலணி தேவை. கிறிஸ்து தெருவிலுள்ள சான் ஹுவான் பாத்திஸ்தா பேராலயத்தில் போன்சே தே லியோனின் பளிங்குக் கல்லறை உள்ளது. 1532-இல் தொடங்கப்பட்ட சான் ஹோசே தேவாலயம் நெடுங்காலச் சீரமைப்புக்குப் பின் 2021-இல் மீண்டும் திறக்கப்பட்டது. 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய லா ஃபோர்த்தலேசா இன்றும் ஆளுநரின் இல்லம்.

விரிகுடாவை ஒட்டிய இளவரசி உலாவீதி, மதிலின் அடியோரம் செல்லும் கரைப்பாதை, சான் ஹுவான் வாயில் ஆகியவற்றைச் செலவின்றிச் சுற்றலாம். மதிலோரம் உலவும் பூனைகளும் குழந்தைகளை ஈர்ப்பவை. விரிகுடாவின் மறுகரையில் உள்ள கத்தானியோவுக்கு அரசுப் படகு குறைந்த கட்டணத்தில் செல்கிறது. நகரின் மதிலைக் கடலிலிருந்து பார்க்க அதுவே மலிவான வழி. கடலில் குளிக்க, பழைய நகருக்கு அருகிலுள்ள எஸ்காம்பிரோன் கடற்கரை உதவும்.

உணவு

மோஃபோங்கோ இங்குள்ள முதன்மை உணவு. பச்சை வாழைக்காயைப் பொரித்து, பூண்டும் பன்றித்தோல் வறுவலும் சேர்த்து மர உரலில் இடித்துத் திரட்டுவார்கள். வாழைக்காயைத் தட்டிப் பொரித்த தொஸ்தோனே, கனிந்த வாழைத் துண்டு வறுவல், கருவாட்டைச் சேர்த்த பக்காலைத்தோ ஆகியன வயிற்றுக்கும் பைக்கும் ஏற்றவை. சோறும் பயறும் எங்கும் கிடைக்கும். பயற்றில் பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கம் என்பதால் சைவ உணவினர் கேட்டு வாங்க வேண்டும். துருவிய பனிக்கட்டியில் புளி, தேங்காய் முதலிய பாகு ஊற்றித் தரும் பிராகுவா தள்ளுவண்டிகளில் விற்கப்படுகிறது.

செலவும் பருவமும்

பெருஞ்செலவு விமானமும் தங்குமிடமுமே. டிசம்பர் நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை பயணிகள் நெரிசலால் வாடகை உச்சத்தில் இருக்கும். சூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். 2017 செப்டம்பர் 20 அன்று தாக்கிய மரியா சூறாவளி தீவு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. ஆகவே ஏப்ரல் இறுதியும் மே மாதமும் சிக்கனத்துக்கும் வானிலைக்கும் பொருந்தும். மதிலுக்குள் தங்கினால் வாடகை கூடும், வண்டிச் செலவு மிச்சமாகும். சான்தூர்சே பகுதியில் சமையலறையுடன் கூடிய வீடு எடுத்தால் சந்தைக் காய்கறி கைகொடுக்கும். பொருள்களுக்கு 11.5 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பழைய நகரைப் பார்க்க வாடகைக் கார் வேண்டாம். நிறுத்தச் சிரமமும் கட்டணமும்தான் மிஞ்சும். கிழக்கே எல் யுங்கே மழைக்காட்டுக்குச் செல்லும் ஒரு நாளைக்கு மட்டும் கார் எடுப்பது போதும். பயணிக் கப்பல்கள் கரையணையும் நாள்களில் கூட்டம் மிகும். கோட்டைகள் திறந்ததும் சென்றுவிடுவது நல்லது. அமெரிக்கப் பெருநிலத்துக்குத் திரும்பும் பைகளை வேளாண்துறையினர் சோதிப்பர். பல பழங்களுக்கு அனுமதியில்லாததால், வாங்கிய பழத்தைத் தீவிலேயே தின்று முடிக்க வேண்டும்.