கெலவரப்பள்ளியின் நுரை: ஓசூர் எல்லையில் நீர் மறுபயன்பாடு

கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூருவின் கிழக்கு விளிம்பைத் தொட்டுக்கொண்டு வந்து கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. இங்கே அதை முதலில் தேக்குவது ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி அணை. அடுத்து கிருஷ்ணகிரி அணை, பிறகு சாத்தனூர், கடைசியில் கடலூர்க் கடல். பெங்களூருவின் கிழக்கு, தென்கிழக்குப் பகுதிகளின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளை நிரப்பி, வழிந்து, இந்த ஆற்றில்தான் இறங்குகிறது. கோடையில் கெலவரப்பள்ளிக்கு வரும் நீரில் பெரும்பங்கு, ஏற்கெனவே ஒருமுறை வீடுகளிலும் ஆலைகளிலும் புழங்கிய நீரே. அதை வாய்க்காலில் வாங்கித்தான் உழவர்கள் பயிர் வைக்கிறார்கள். ஆகவே ஓசூர் வட்டாரத்தில் நீர் மறுபயன்பாடு இனிமேல் தொடங்க வேண்டிய ஒன்றல்ல. திட்டமில்லாமல், பொறுப்பு யாருடையது என்று எழுதப்படாமல், பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. அதை எந்த இடத்தில் ஒழுங்குக்குள் கொண்டுவருவது என்பதே ஆராய வேண்டிய கேள்வி.

அணையின் முழு அளவு 44.28 அடி. மழைக்காலத்தில் நீர்வரத்து கூடி ஷட்டர்களைத் திறக்கும்போது ஆறே தெரியாத அளவுக்கு வெள்ளை நுரை பொங்குகிறது. நந்திமங்கலம் தரைப்பாலத்தில் அது ஆள் உயரத்துக்கும் மேல் குவிந்து போக்குவரத்தை மறித்திருக்கிறது; காற்றடித்தால் கிழிந்த பஞ்சுபோல் பறந்து வயல்களில் விழுகிறது. துணி துவைக்கும் சோப்புத்தூள்களில் உள்ள, நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் வேதிப்பொருள்களே இதற்கு முதன்மைக் காரணம். தேங்கி நிற்கையில் அடங்கியிருப்பவை மதகில் விழுந்து காற்றோடு கலக்கும்போது நுரைக்கின்றன. நுரையைப் படமெடுத்து வெளியிடுவது எளிது. நுரை அடங்கிய பிறகும் நீரில் தங்கும் நைட்ரேட், பாஸ்பேட், கிருமிகள், கரைந்த உப்பு ஆகியவற்றைக் கண் காண்பதில்லை. கீரைக்கும் தக்காளிக்கும் கிருமிதான் கவலை. உப்பைத் தாங்காத ரோஜாவுக்கு, இந்த வட்டாரத்தின் பெரும் பணப்பயிருக்கு, கவலை வேறு. ‘கழிவுநீர்’ என்ற ஒரே சொல்லால் இந்த வேறுபாடுகளை மூடிவிடுவது ஆய்வுக்கும் நிர்வாகத்துக்கும் கேடு.

இந்தக் கழிவுநீரின் பிறப்பிடத்தையும் பார்க்க வேண்டும். பெங்களூரு குடிப்பது பெரும்பாலும் காவிரியை, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து 500 மீட்டர் அளவுக்கு மேலேற்றி. நகரின் மேற்குப் பகுதி குடித்தது விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்கே திரும்புகிறது. கிழக்குப் பகுதி குடித்தது தென்பெண்ணைக்கு வந்துவிடுகிறது. ஓசூருக்கு வருவதும் காவிரிதான். 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஃபுளூரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காகவே வந்தது. ஒகேனக்கல்லைவிட ஓசூர் 600 மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் லிட்டரை அவ்வளவு உயரம் ஏற்ற, இழப்பே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், 1.6 யூனிட் மின்சாரம் வேண்டும். பம்பு, மோட்டார் இழப்புகளைச் சேர்த்தால் இரண்டு யூனிட்டைத் தாண்டும். வீட்டுக் கழிவுநீரை இரண்டாம் நிலைவரை சுத்திகரிக்க வழக்கமாக அரை யூனிட் அளவே ஆகும். இத்தனை மின்சாரம் செலவழித்து வந்த நீரைக் குளிர்விப்புக் கோபுரத்துக்கும் கழிப்பறைக்கும் ஊற்றிவிட்டு ஒரே தடவையில் வெளியேற்றுவதற்குப் பொருளாதார நியாயம் எதுவும் இல்லை. ஒகேனக்கல் நீர் குடிப்பதற்கு. சிப்காட் தொழிற்பேட்டைகளின் இயந்திரங்களுக்கு ஊரின் கழிவுநீர் போதும்.

இதற்கு முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே உண்டு. சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர் ஆகிய இரண்டிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மூன்றாம் நிலை எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) நிலையங்கள் 2019இல் செயல்பாட்டுக்கு வந்தன. கோயம்பேட்டு நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குச் செல்கிறது. ஓசூரில் தடை நுட்பத்தில் இல்லை, குழாயில் இருக்கிறது. 2019இல் மாநகராட்சியான இவ்வூர் பாதாளச் சாக்கடை இல்லாமலே அந்த நிலையை எட்டியது. செப்டிக் டேங்கிலும் தெருச் சாக்கடையிலும் சிதறிக் கிடக்கும் நீரை ஓரிடத்தில் சேர்க்காமல் ஆலைக்கு விற்க முடியாது.

ஆலைக் கழிவைத் தனியே வைப்பது அடுத்த தேவை. முலாம் பூசும் பட்டறையிலிருந்து வரும் குரோமியமும் நிக்கலும் வீட்டுக் கழிவோடு கலந்தால் சுத்திகரிப்புத் தொட்டியின் நுண்ணுயிர்கள் சாகும், கசடும் உரத்துக்கு ஆகாது. திருப்பூரின் அனுபவம் இங்கே பொருந்தும். 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் சாயக்கழிவின் தேக்கமானது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச்சொன்ன பிறகே கழிவு வெளியேற்றாத முறை உறுதியாக நடைமுறைக்கு வந்தது. நீரின் பெரும்பகுதி மீண்டது. பிரித்தெடுத்த கலப்பு உப்பு மட்டும் மூட்டை மூட்டையாகத் தேங்கியது. ஆர்.ஓ. உப்பை அழிப்பதில்லை, ஒதுக்குகிறது. ஓசூரில் திட்டமிடுவோர் அந்த உப்பு போகும் இடத்தை முதல் நாளே தீர்மானித்தாக வேண்டும்.

மேலே பெங்களூருவும் மறுபயன்பாட்டில் இறங்கியிருக்கிறது. கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் சுத்திகரித்த நீரைக் கோலார் ஏரிகளுக்கு அனுப்ப வகுக்கப்பட்டது. 2018இல் நீர் ஓடத் தொடங்கியது. வறண்ட கோலாருக்கு அது உயிர்நீர். ஆனால் அந்த நீர் கோலாருக்குத் திருப்பப்படும் அளவுக்குத் தென்பெண்ணையில் இறங்குவது குறையும். கீழ்ப்பகுதி உழவர் தூய நீரையும் கேட்கிறார், போதிய நீரையும் கேட்கிறார்; மேலே சுழற்சி இறுக இறுக முதலாவது கிடைத்து இரண்டாவது கைநழுவக் கூடும். மதராஸ்–மைசூர் இடையிலான 1892ஆம் ஆண்டு ஒப்பந்தம் தென்பெண்ணையையும் உள்ளடக்கியது. எனினும் அது மேலே புதிய தேக்கங்கள் எழுவதைப் பற்றியே கவலைப்பட்ட காலத்தது. குழாயில் வந்த காவிரி கழிவாகி வேறொரு ஆற்றில் இறங்குவதை அன்று யாரும் எண்ணியிருக்க இயலாது. தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டிய அணை தொடர்பாகத் தமிழ்நாடு 2018இல் உச்ச நீதிமன்றம் சென்ற வழக்கிலும் மையமாக நின்றது நீரின் அளவே. எல்லையில், கொடியாளத்தில், எத்தனை கன அடி வருகிறது என்பதோடு அதில் எவ்வளவு உப்பு, எவ்வளவு ஆக்சிஜன், எவ்வளவு கிருமி என்பதையும் இரு மாநிலமும் ஒப்பும் ஒரே கருவி அளந்து, அன்றன்றே பொதுவில் வைக்க வேண்டும். அந்த எண்கள் தெரிந்தால்தான் கெலவரப்பள்ளி வாய்க்காலில் இன்று திறக்கும் நீரைக் கீரைக்குப் பாய்ச்சலாமா, தீவனப்புல்லோடு நிறுத்திக்கொள்வதா என்று உழவர் முடிவெடுக்க முடியும்.