கறி என்னும் சொல்லும் காட்சுத் தட்டும்

சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டுப் பேரங்காடிகளில் உயர்தர ஜப்பானிய உணவகங்கள் பல உள. அவற்றுள், பன்றி இறைச்சியைத் தடித்த துண்டாக அரிந்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்துத் தரும் ‘டொன்காட்சு’ உணவகங்கள் ஒரு தனி வகை. அவற்றின் உணவுப் பட்டியலில் ‘காட்சு கரே’ என்றொரு பெயரைக் காணலாம். இவ்விரு சொற்களில் ஒன்றுகூட ஜப்பானிய மண்ணில் பிறந்ததன்று. முன்னது ஆங்கிலேயரின் ‘கட்லெட்’. பின்னது நம் ‘கறி’. பிறமொழிச் சொற்கள் தமிழில் வந்து கலந்த வரலாற்றை வகுப்பில் விரிவாகக் கற்பிக்கிறோம். தமிழ்ச்சொல் ஒன்று வெளியே சென்று, வேற்றுருக் கொண்டு, நாம் வாழும் ஊருக்கே விலையுயர்ந்த பண்டமாகத் திரும்பிய வரலாறும் கற்பிக்கத்தக்கதே. அவ்வழியின் குறுக்கே இந்நகரின் கொடிய மூன்றரை ஆண்டுகள் கிடக்கின்றன. ஆதலின் இதனை நாச்சுவைக் கதையாக மட்டும் சொல்லிவிட இயலாது.

சங்க நூல்களில் ‘கறி’ என்பது மிளகைக் குறிக்கும். யவனரின் மரக்கலங்கள் பொன்னைக் கொண்டுவந்து முசிறியில் மிளகை ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றில் வருவதை மேல்வகுப்பு மாணவரும் அறிவர். பின்னர் அச்சொல் சோற்றோடு சேர்த்துண்ணும் காய்க்கும் இறைச்சிக்கும் உரியதாயிற்று. மேலைக் கடற்கரையை அடைந்த போர்த்துக்கீசியர் தென்னாட்டு மொழிகளிலிருந்து அதனை எடுத்துக்கொண்டனர். அவர்களுக்குப்பின் ஆங்கிலேயரும் எடுத்தாண்டனர். 1747-ஆம் ஆண்டில் ஹன்னா கிளாஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி வெளியிட்ட சமையல் நூலில் இந்திய முறைக் கறிக்குச் செய்முறை உண்டு. அடுத்த நூற்றாண்டில் ஆங்கில வணிகர் கறித்தூளைப் புட்டிகளில் அடைத்து உலகெங்கும் விற்கலாயினர். மீனுக்கு ஒன்று, ஆட்டிறைச்சிக்கு ஒன்று எனக் கூட்டை மாற்றி மாற்றி அரைக்கும் நம் வீட்டுப் பெண்டிர்க்கு, எல்லாவற்றுக்கும் ஒரே தூள் என்பது நகைப்புக்கு இடமாகவே தோன்றியிருக்கும். எனினும் உலகம் கண்ட ‘கறி’ அப்புட்டியில் இருந்ததே.

ஜப்பானுக்கு அப்புட்டி சென்ற காலம் அந்நாட்டின் உணவுமுறையே மாறிய காலமாகும். கி.பி. 675-இல் தெம்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகிய ஐந்தின் இறைச்சியை விலக்கி ஆணையிட்டார். காட்டுப்பன்றியும் மானும் அவ்வாணையில் அடங்கவில்லை என்பது கருதத்தக்கது. ஆயினும் பௌத்த நெறியின் செல்வாக்கால் கால்நடைகளின் ஊனுண்ணல் பல நூற்றாண்டுகள் இழிவாகவே எண்ணப்பட்டது. 1872-இல் மெய்ஜி பேரரசர் தாமே மாட்டிறைச்சி உண்டார் என்னும் செய்தி வெளியிடப்பட்டபோது அவ்வெண்ணம் தளர்ந்தது. அதே ஆண்டில் வெளிவந்த மேலைச் சமையல் நூல்கள் இரண்டில் கறியின் செய்முறை இடம்பெற்றது. 1908-இல் கப்பற்படையின் சமையற் கையேட்டிலும் கறிச்சோறு புகுந்தது. 1923-இல் யமசாகி மினெஜிரோ என்பார் உள்நாட்டிலேயே கறித்தூள் செய்து விற்கத் தொடங்கினார். இவ்வாறு ஜப்பானியர்க்குக் கறி இந்திய உணவாக அறிமுகமாகவில்லை. ஆங்கிலேயரின் மேலை உணவாகவே அறிமுகமாயிற்று.

கட்லெட்டின் வழியும் இத்தகையதே. தோக்கியோவின் கின்சா பகுதியில் 1895-இல் தோன்றிய ‘ரெங்காதெய்’ என்னும் உணவகம், 1899-இல் பன்றி இறைச்சிக் கட்லெட்டை ‘தெம்புரா’ போல மிகுந்த எண்ணெயில் பொரித்துத் தரலாயிற்று. ரஷ்ய-ஜப்பானியப் போரின்போது சமையலாட்கள் படைக்குச் சென்றுவிட்டமையால், வேகவைத்த காய்களுக்கு மாற்றாகப் பச்சை முட்டைக்கோசைச் சீவி வைத்ததாக அவ்வுணவகத்தார் கூறுவர். ‘கட்சுரெட்சு’ எனத் திரிந்த ‘கட்லெட்’ பின்னர் ‘காட்சு’ எனக் குறுகியது. பன்றியைக் குறிக்கும் ‘டொன்’ அதன் முன் சேர்ந்தது. 1930-ஐ ஒட்டித் தோக்கியோவின் உவெனோ வட்டாரத்தில் இறைச்சியின் தடிமன் கூடியது. கத்தியும் முள்ளும் நீங்கின. குச்சியால் எடுத்துண்ண ஏற்றவாறு அரிந்த துண்டுகளோடு சோறும் மிசோ ரசமும் வந்து சேர்ந்தன. அயல் உணவு இல்லத்து உணவாயிற்று. இரண்டையும் ஒரே தட்டில் இட்ட பெருமையைப் பலர் உரிமை கொண்டாடுவர். 1948-இல் கின்சா உணவகமொன்றில் சிபா சிகெரு என்னும் பேஸ்பால் ஆட்டக்காரர் பொருட்டு அது தோன்றியது என்பதே பரவலான வழக்கு.

அண்மையில் நண்பர் ஒருவரின் அழைப்பால் இத்தகைய உணவகம் ஒன்றில் உண்டேன். உண்பவர் வறுத்த எள்ளைச் சிறு உரலில் தாமே அரைத்துக்கொள்ள வேண்டும். அதன்மேல் கருநிறக் குழம்பை ஊற்றித் துண்டுகளைத் தோய்க்க வேண்டும். எள்ளும் உரலும் நமக்குப் புதியனவல்ல. அக்குழம்போ, 1837 முதல் இங்கிலாந்தில் விற்கப்படும் உஸ்டர் சாற்றின் வழித்தோன்றல். அவ்வாங்கிலச் சாற்றில் நம் புளியும் ஓர் உறுப்பு. பட்டியலில் மிகு விலை பெறும் ‘குரோபுத்தா’ என்னும் கரும்பன்றியும் இங்கிலாந்தின் பெர்க்ஷர் இனத்ததே. பொரித்த துண்டு நீர்த்து நமுத்துப்போகாதிருக்கக் கம்பித் தட்டின்மேல் வைக்கப்படுகிறது. சோறும் முட்டைக்கோசும் கேட்குந்தோறும் தருகின்றனர். இவ்வகையில் அது தேக்காவின் வாழையிலைச் சாப்பாட்டை ஒத்தது. விலையில் ஒவ்வாது! பன்றி இறைச்சி உண்ணாதார் நம்முள் பலர். சமயத்தால் விலக்குவோரும் உளர். அவர்க்குக் கோழியும் இறாலும் பொரித்துத் தரும் கடைகள் உண்டெனினும், ஒரே எண்ணெயிற் பொரிப்பது பற்றி வினவிய பின்னரே உண்பது முறை.

இனி, சிங்கப்பூரின் பழைய கட்லெட்டைக் காண்போம். ஹைனான் தீவினர் ஏனைய சீனர்க்குப் பின்னரே பெருமளவில் இங்கு வந்தனர். வணிகத் துறைகள் பலவும் முன்வந்தோர் கையில் இருந்தமையால் அவர்கள் ஆங்கிலேயர் இல்லங்களிலும் விடுதிகளிலும் கப்பல்களிலும் சமையற்பணி ஏற்றனர். துரைமார்க்குச் செய்த கட்லெட்டில், ரொட்டித்தூளுக்கு மாற்றாக இடித்த பிஸ்கட்டைப் பயன்படுத்தினர். தாம் கற்ற கறியையும் அதனோடு சோற்றின்மேல் ஊற்றினர். அதுவே ஹைனான் கறிச்சோறு. லிட்டில் இந்தியாவை அடுத்த ஜாலான் புசாரில் கத்தரிக்கோலால் இறைச்சியை வெட்டிப் போட்டு இச்சோற்றை இன்றும் விற்கின்றனர். ஓர் ஆங்கிலச் சமையலறையிலிருந்து இருவேறு திசைகளிற் சென்ற இரண்டு உணவுகள் ஏறத்தாழ ஒரே வடிவம் பெற்றமை வியப்புக்குரியது. ஒன்றைச் சில வெள்ளிக்கு விற்பதும், மற்றதைக் குளிரூட்டிய அரங்கில் பன்மடங்கு விலைக்கு விற்பதும் சுவையால் மட்டும் நேர்ந்த வேறுபாடு என்று நான் கருதவில்லை.

ஹைனானியர் வாழ்ந்த மிடில் ரோட்டிலேயே போருக்குமுன் ஜப்பானியரும் செறிந்து வாழ்ந்தனர். அருகிருந்த மலாய், ஹைலாம், மலபார், பூகிஸ் தெருக்களில் வறுமையால் விற்கப்பட்ட ஜப்பானியப் பெண்டிர் பலர் இழிதொழிலில் வீழ்ந்து துயருற்றனர். 1920-இல் அத்தொழிலுக்கு இருந்த ஏற்பு நீக்கப்பட்டபின் துணிக்கடையும் பல் மருத்துவமும் புகைப்பட நிலையமுமே அவ்வட்டாரத்தின் முகமாயின. அத்தெருக்களின் பெயர்கள் இன்று பூகிஸ் ஜங்ஷன் கட்டடத்துக்குள் கண்ணாடிக் கூரையின்கீழ் அடங்கிக் கிடக்கின்றன.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ‘சியோனான்’ எனப் பெயர் மாறியது. அரிசி அருகியது, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. சீனர் பல்லாயிரவர் கொன்று குவிக்கப்பட்டனர். மலாயாத் தோட்டங்களினின்று தமிழர் பல்லாயிரவர் சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 415 கிலோமீட்டர் நீண்ட மரண இரயில்பாதையில் உழைத்து மடிந்தனர். அதே காலத்தில், 1943 ஜூலை 4-ஆம் நாள், கத்தே கட்டடத்தில் இந்திய விடுதலைக் கழகத்தின் தலைமையை ராஷ் பிகாரி போஸ் சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தார். அம்முதியவரின் வரலாறு நம் பொருளோடு ஒட்டியது. 1915-இல் ஜப்பானிற் புகலடைந்த அவருக்குத் தோக்கியோவின் நகமுராயா கடையினர் அடைக்கலம் தந்தனர். பின்னர் அக்குடும்பத்துப் பெண்ணையே அவர் மணந்தார். ஆங்கிலேயர் வழிவந்த மாவுக் கறி கறியன்று எனக் கொண்டு, 1927-இல் அக்கடையில் இந்திய முறைக் கறியை விற்கச் செய்தார். ஏனைய கடைகளினும் பன்மடங்கு விலை பெற்றும் அது நிலைத்தது. தூளில் இருந்து சொல்லை மீட்க முயன்ற ஒருவர், விடுதலை வேட்கையோடு நம் நகரில் நின்றார். அவர் நின்ற நாளில் நம்மவர் சயாமில் மடிந்துகொண்டிருந்தனர். இவ்விரண்டையும் ஒரே பாடத்தில் சொல்லாவிடில் மாணவர்க்கு அரை வரலாறே கிடைக்கும்.

போருக்குப்பின் மனப்புண் எளிதில் ஆறவில்லை. 1962-இல் புதைகுழிகள் பல வெளிப்பட்டபோது இழப்பீடு கோரும் குரல் எழுந்தது. 1966-இல் ஜப்பான் 5 கோடி வெள்ளி தர இசைந்தது. பாதி நன்கொடை, பாதி கடன். அடுத்த ஆண்டு பீச் ரோட்டில், நான்கு இனத்தவரையும் குறிக்கும் நான்கு தூண்கள் கொண்ட நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. அதன்பின் வணிகம் விரைந்து வந்தது. 1972-இல் இசெத்தான், 1974-இல் கத்தே கட்டடத்துக்கு அருகேயுள்ள பிளாசா சிங்கப்பூராவில் யாவோஹான், 1993-இல் தகஷிமாயா. யாவோஹான் 1997-இல் நொடித்துவிட்டது. ஆனால் அது பழக்கிய நாக்குகள் இங்கேயே இருந்தன. என் இளமையில், அக்கடைகளின் வாயிலையும் மிதியாத முதியோர் சிலரை நான் அறிவேன். அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று தேர்வுக்கு முதல்நாள் காட்சு உண்ணும் ஜப்பானிய மாணவர் வழக்கத்தைக் கேட்டறிந்து தாமும் உண்கின்றனர். ‘காட்சு’ என்னும் ஒலிக்கு ஜப்பானிய மொழியில் ‘வெல்லுதல்’ என்றும் பொருள் உண்டு. முதியோரின் மறுப்பைப் பிடிவாதம் என்றோ, பேரர்களின் விருப்பத்தை மறதி என்றோ நான் சொல்லமாட்டேன். ஆனால் பேரர்கள் அம்மறுப்பின் காரணத்தை அறிந்து உண்ண வேண்டும்.

மொழியாசிரியர்க்குரிய குறிப்பு ஒன்று எஞ்சியுள்ளது. ஜப்பானியர் அயற்சொற்களை எழுதக் ‘கத்தகானா’ என்னும் தனியெழுத்தையும், தம் சொற்களுக்கு ‘ஹிரகானா’வையும் சீன எழுத்தையும் கையாள்வர். ‘டொன்காட்சு’ பெரும்பாலும் ஹிரகானாவில் எழுதப்படுகிறது. அதனைத் தமதாகவே கொண்டுவிட்டனர். ‘கரே’ என்பதையோ இன்றும் பெரும்பாலும் கத்தகானாவில்தான் எழுதுகின்றனர்.