பெட்டிக் காரைப் பார்த்துச் சிரித்தவர்கள்: வெகன் ஆர் கண்டிக்கு வந்த கதை

கலஹா சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் இந்தச் சண்டை தொடங்கியது. நல்ல மழை. ஆறு பேருக்கு இரண்டு குடை. எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளை வெகன் ஆர் வந்து நின்று ஓர் அம்மாவை இறக்கிவிட்டுப் போனது. எங்களில் ஒருவன், "பாண் பெட்டிக்கு நாலு டயர் பூட்டி விட்டிருக்காங்கடா" என்றான். எல்லாரும் சிரித்தோம். இன்னொருத்தி, "பாண் பெட்டியாவது பரவாயில்ல, இது பிரிட்ஜைப் படுக்க வைக்க மறந்த மாதிரி" என்றாள். அதற்கும் சிரித்தோம். ஒருத்தன் மட்டும் சிரிக்கவில்லை. பஸ் ஏறி பேராதனைப் பாலம் தாண்டும்போது மெதுவாகச் சொன்னான்: "எங்க அப்பா அப்படி ஒரு பெட்டியிலதான் என்னைக் கம்பஸுக்குக் கொண்டுவந்து விட்டாரு."

அதற்குப் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை. ஆனால் விஷயம் மனதில் கிடந்தது. ஒரு காரின் முகத்தைப் பார்த்து நாங்கள் ஏன் சிரித்தோம்? அந்தக் காரை அப்படி வரைந்தது யார்? அது ஏன் இந்த மலை ஊருக்கு இத்தனை ஆயிரமாக வந்து சேர்ந்தது? வரலாறு படிக்கிற பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு மன்னர்களின் பட்டியலை மட்டும் படித்தால் போதாது, ரோட்டில் ஓடுவதையும் படிக்க வேண்டும் என்று நினைத்தோம். அப்படி எழுதியதுதான் இது.

பெட்டியை வரைந்தது யார்?

முதலில் ஒரு விஷயம். இந்தப் பெட்டி வடிவம் ஓர் ஓவியரின் விசித்திரமான ரசனையில் பிறந்ததல்ல. அதில் பாதியை வரைந்தது ஜப்பானின் சட்டப் புத்தகம்.

போரில் நொந்துபோன ஜப்பானில் சாதாரண குடும்பங்களும் வாகனம் வாங்க வேண்டும் என்பதற்காக 1949இல் 'கெய்' என்ற சிறு வாகன வகை உருவாக்கப்பட்டது. குறிப்பிட்ட அளவுக்குள்ளே வாகனம் இருந்தால் வரி குறைவு, காப்புறுதி குறைவு. அந்த அளவு காலத்துக்குக் காலம் மாறியது. எஞ்சின் முதலில் 360 சிசி என்று நிலைத்தது, 1976இல் 550 ஆனது, 1990இல் 660 ஆனது. 1998இலிருந்து நீளம் 3.4 மீற்றரையும் அகலம் 1.48 மீற்றரையும் தாண்டக் கூடாது. உயரத்துக்கு மட்டும் 2 மீற்றர் வரை இடம் கொடுத்தார்கள்.

இப்போது நீங்களே ஒரு கார் செய்பவராக இருங்கள். நீட்ட முடியாது, அகட்ட முடியாது. இடம் வேண்டுமென்றால் எங்கே போவீர்கள்? மேலேதான். கண்டி டவுனில் காணி இல்லாதவர்கள் மாடிக்கு மேல் மாடி கட்டுகிற அதே கணக்கு.

1993 செப்டெம்பரில் சுசுகி நிறுவனம் அந்தக் கணக்கைப் போட்டது. தன்னிடம் ஏற்கெனவே இருந்த சிறிய கார்களின் பாகங்களை நிறையப் பயன்படுத்தி, கூரையை மட்டும் 1.6 மீற்றருக்கு மேல் தூக்கி, வெகன் ஆர் என்று பெயர் வைத்து விட்டது. முதல் மாதிரி ஒருபக்கச் சாய்வானது: சாரதியின் பக்கம் ஒரு கதவு, மற்றப் பக்கம் இரண்டு கதவு. இன்று பார்த்தால் மறந்து போய் ஒரு கதவை விட்டுவிட்டார்கள் போல இருக்கும். ஆனால் அது ஓடியது. 2000களில் பல ஆண்டுகள் ஜப்பானின் கெய் கார்களில் அதிகம் விற்றது இதுதான். மற்றக் கம்பனிகளும் கூரையைத் தூக்கத் தொடங்கின. விசித்திரம் என்று பார்க்கப்பட்டதுதான் கொஞ்ச காலத்தில் வழக்கமானது.

பேராதனை வரைக்கும் வந்த வழி

ஜப்பானின் வரிச் சட்டம் பாதியை வரைந்தது என்றால், அதை எங்கள் ரோட்டில் கொண்டுவந்து விட்டது இலங்கையின் வரிச் சட்டம்.

எங்கள் தாத்தாக்களின் காலத்தில் கார் என்றால் மொரிஸ் மைனர், ஒஸ்டின். எழுபதுகளில் இறக்குமதி இறுகியபோது உபாலி விஜேவர்தனவின் கம்பனி இங்கேயே ஃபியட்டும் மஸ்டாவும் பொருத்தி விற்றது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்ட பிறகு ஜப்பானில் பாவித்த கார்கள் வரத் தொடங்கின. பிறகு இந்தியாவிலிருந்து மாருதி. ஒவ்வொரு அலையிலும் கார் கொஞ்சம் கீழே இறங்கியது, ஒரு படி குறைந்த வருமானம் உள்ளவர்களின் வாசலுக்கு.

2015 ஜனவரி 29 அன்று வந்த இடைக்கால வரவு செலவுத் திட்டம் 1000 சிசிக்குக் குறைந்த கார்களின் வரியைக் குறைத்தது. வெகன் ஆரின் எஞ்சின் 658 சிசி. இந்தியாவில் 1999 டிசம்பரில் மாருதி அறிமுகம் செய்த வெகன் ஆருக்கு எஞ்சின் 1061 சிசி. ஜப்பான் கெய் இந்த வரிக் கோட்டுக்கு நல்லாவே உள்ளே. எங்கள் ரோட்டில் இந்திய வெகன் ஆரைவிட ஜப்பான் வெகன் ஆர்தான் அதிகம். இரண்டு நாட்டுச் சட்டங்கள் ஒன்றையொன்று தெரியாமலே கைகுலுக்கிக்கொண்ட இடத்தில் இந்தப் பெட்டி வந்து நிற்கிறது.

அந்த இரண்டு மூன்று வருடங்கள் கட்டுகஸ்தோட்டையிலிருந்து பிலிமத்தலாவை வரைக்கும் கார் சேல்களில் இதே பெட்டிகள் வரிசையாக நின்றது எங்களுக்கு நினைவிருக்கிறது. நாங்கள் அப்போது ஓஎல்கூட எழுதவில்லை. லீசிங் போட்டு ஆட்டோவை விற்று இதை எடுத்தவர்கள் எங்கள் ஒவ்வொருவரின் சொந்தத்திலும் ஒருவராவது உண்டு.

பிறகு கதவு மூடத் தொடங்கியது. 2018 ஆகஸ்டில் சின்னக் கார்களின் வரி ஏறியது. 2020 மார்ச்சில் டொலர் தட்டுப்பாட்டோடும் கொரோனாவோடும் வாகன இறக்குமதியே நின்றது. தனியார் கார்களுக்கு அது மறுபடி திறக்க 2025 பெப்ரவரி ஆனது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் நடந்தது உலகத்தில் எங்கும் சொன்னால் நம்பமாட்டார்கள்: பழசாக ஆக ஆகக் காரின் விலை ஏறியது. பாண் பெட்டி என்று சிரித்தவர்கள் அதே பாண் பெட்டியின் விலையைக் கேட்டு வாயடைத்துப் போனார்கள். 2022 ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெட்ரோல். அந்த 20 லீற்றரில் இந்தச் சின்ன எஞ்சின் ஓடிய தூரத்தைப் பெரிய எஞ்சின்காரர்கள் பொறாமையோடு பார்த்த காலம் அது.

கண்டியில் கேட்டுப் பார்த்தோம்

சண்டையை எங்களுக்குள்ளேயே முடிக்காமல் வெளியிலும் கேட்டுப் பார்த்தோம்.

கட்டுகஸ்தோட்டையில் கராஜ் வைத்திருக்கும் ஒரு பாஸ் சொன்னது: "தம்பி, கார்னு சொன்னா நிலத்தோட ஒட்டி நிக்கணும். இது நிலத்தைப் பாத்துப் பயந்து எழும்பி நிக்குது." அவர் காட்டியது பழைய மஸ்டா ஒன்றை. அதன் நீண்ட மூக்கைத் தடவிக்கொண்டே பேசினார். அவருடைய வாதத்தில் வெறும் ரசனை மட்டும் இல்லை. உயரமும் ஒடுக்கமுமான வண்டி வளைவில் கூடுதலாகச் சாயும், குறுக்குக் காற்றுக்கு அசையும். கடுகண்ணாவை வளைவுகளில் அது உடம்புக்குத் தெரியும். 'அசிங்கம்' என்று சொல்கிற எல்லாரும் காரணமில்லாமல் சொல்வதில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

அம்பிட்டியவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வேறு மாதிரி பார்த்தார். "மகள், முழங்கால் நோவு வந்த பிறகுதான் காரோட வடிவம் விளங்கும். மற்றக் காருக்குள்ள நான் விழணும், வெளிய வர ஆள் பிடிச்சு இழுக்கணும். இதுல கதிரையில இருக்கிற மாதிரி இருந்து, கதிரையில இருந்து எழும்புற மாதிரி எழும்புறேன். சீலை கசங்குறதும் இல்ல." அவருடைய வீட்டுக்குப் போகிற ஒழுங்கையில் இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போகத்தான் வேண்டும். 1.48 மீற்றர் அகலத்தின் அருமை ஜப்பானில் ஒசாகாவின் சந்துகளுக்குப் பிறகு கண்டி மேட்டு ஒழுங்கைகளுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது கட்சியும் இருக்கிறது. பெட்டி பரவாயில்லை, முகம்தான் பிரச்சினை என்பவர்கள். 2017இல் வந்த ஆறாம் தலைமுறை வெகன் ஆருக்கு ஒரே உடம்பில் மூன்று முகம்: சாதுவான எஃப்எக்ஸ், விளக்கு இரண்டு தட்டாக இருக்கும் எஃப்இசட், விளக்கு நெடுக்காக நிற்கும் ஸ்டிங்ரே. எங்கள் பட்ச்சில் இதை வைத்தே இரண்டு அணி பிரிந்தது. "ஸ்டிங்ரே கெத்து" என்பவர்களுக்கும் "சின்னப் பையன் மீசை வரைஞ்ச மாதிரி" என்பவர்களுக்கும் இன்னும் சமாதானம் வரவில்லை.

சிரிப்பு புதிதல்ல

1948இல் பாரிஸ் கண்காட்சியில் சித்ரோவன் கம்பனி 2சிவி என்ற காரைத் திரை விலக்கிக் காட்டியபோது கேலி பலமாக இருந்தது. தகரமும் துணிக் கூரையுமாக இருந்த அது நாற்பது வருடத்துக்கு மேல் தயாரிக்கப்பட்டது. 1956 சூயெஸ் நெருக்கடியில் பிரித்தானியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. அதன் பிறகு 1959இல் வந்தது மினி. எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்து, ஏறத்தாழ 3 மீற்றர் நீளத்துக்குள் நான்கு பேரை உட்கார வைத்தார் அலெக் இசிகோனிஸ். பொம்மைக் கார் என்று தயங்கியவர்களும் பிறகு அதை வாங்கினார்கள். பெட்ரோல் தட்டுப்பாடு, சின்னக் கார், முதலில் சிரிப்பு, பிறகு பாசம். எங்களுக்கு 2022 நினைவுக்கு வராமல் இருக்குமா?

பக்கத்துத் தமிழ்நாட்டுக் கதை இன்னும் சுவாரசியமானது. ஹூண்டாய் கம்பனி சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை கட்டியபோது, அதன் உயரமான சின்னக் கார் அட்டோஸின் தோற்றம் இந்தியர்களுக்குப் பிடிக்காது என்று தெரிய வந்தது. பின்பக்கத்தை மாற்றி, சான்ட்ரோ என்று பெயர் வைத்து, 1998இல் விட்டார்கள். அப்போதும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் உயரமாக உட்கார்ந்து ஓட்டும் வசதி வென்றது. அடுத்த வருடமே மாருதி வெகன் ஆரைக் கொண்டுவந்ததற்கும் அந்தப் போட்டிதான் பின்னணி.

நனோவின் கதைதான் எதிர்மாறாக முடிந்தது. 2008 ஜனவரியில் டில்லியில் ரத்தன் டாட்டா அதை அறிமுகம் செய்தபோது, ஸ்கூட்டரில் மழையில் நனைந்து போகும் குடும்பங்களுக்கான கார் என்றார். விலை ஒரு லட்சம் இந்திய ரூபாய். 624 சிசி. 2011இல் இலங்கைக்கும் வந்தது. தோற்றத்தில் வெகன் ஆரைவிட அது ஒன்றும் மோசமில்லை, இன்னும் உருண்டையாக அழகாகவே இருந்தது. ஆனால் 'உலகத்திலேயே மலிவான கார்' என்ற பெயர் அதன் முதுகில் ஒட்டிக்கொண்டது. மலிவு வேண்டும், மலிவானவர் என்று பெயர் வேண்டாம் என்பதுதான் மனித இயல்பு. அப்படி விளம்பரப்படுத்தியது பிழை என்று ரத்தன் டாட்டாவே பின்னாளில் சொன்னார். 2018இல் தயாரிப்பு நின்றது.

அப்படியென்றால் நாங்கள் எதைப் பார்த்துச் சிரித்தோம்?

இங்கேதான் கலஹா சந்திக்குத் திரும்பி வருகிறோம். சிரிக்காத எங்கள் நண்பன் தெல்தோட்டைப் பக்கத் தோட்டத்தைச் சேர்ந்தவன். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட லூல்கந்துர அங்கிருந்து தூரமில்லை. அந்த மலைகளில் நூறு வருடத்துக்கு மேலாகக் கார் என்றால் அது துரையின் கார். ரோடு துரைக்காகப் போட்டது. கார் வந்தால் நம் ஆட்கள் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். அவனுடைய அப்பா கொழும்பில் கடையில் நின்று, பிறகு ஆட்டோ ஓட்டி, 2016இல் லீசிங்கில் ஒரு வெகன் ஆர் எடுத்தார். "லயத்து வாசல்ல கார் நின்னப்போ அது பெட்டியா உருண்டையான்னு யாரும் பாக்கலடா. எங்க பாட்டி அதுக்குத் தேங்காய் உடைச்சாங்க" என்றான்.

நாங்கள் சிரித்தது வடிவத்தைப் பார்த்து மட்டும்தானா என்று அப்போது யோசித்தோம். ஒரு கார் எல்லாருக்கும் கிடைக்கத் தொடங்கியதும் அது அழகில்லாமல் போவது தற்செயலா? விலை கூடிய ஜேர்மன் ஜீப் ஒன்றும் பெட்டி மாதிரித்தான் இருக்கிறது, அதைப் பார்த்துப் பாண் பெட்டி என்று யாரும் சொல்வதில்லை. 'ஹயர் கார்', 'லீசிங் கார்' என்ற சொற்களில் வண்டியைவிட அதை ஓட்டுபவர்தான் அளக்கப்படுகிறார்.

இதனால் எல்லாரும் வெகன் ஆர் வாங்குங்கள் என்று சொல்லவரவில்லை. லீசிங் கட்ட முடியாமல் வண்டியை இழந்த குடும்பங்களையும் எங்களுக்குத் தெரியும். கெட்டம்பேயில் காலை ஏழரைக்கு நிற்கிற வரிசையில் ஒரு காருக்குள் ஒருவராக உட்கார்ந்திருப்பதையும் தினமும் பஸ் ஜன்னலால் பார்க்கிறோம். நல்ல பஸ்ஸும் நேரத்துக்கு ரயிலும் இருந்திருந்தால் இவர்களில் பாதிப்பேர் கடனுக்குப் போயிருக்கமாட்டார்கள். அது வேறு கட்டுரை, அதையும் எழுதுவோம்.

காரை அழகில்லை என்று சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு. எங்களில் மூன்று பேர் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் சொல்வதற்கு முன்னால் அந்த வடிவத்துக்குள்ளே எத்தனை சட்டம், எத்தனை வரி, யாருடைய முழங்கால், யாருடைய கடன் இருக்கிறது என்று ஒருதரம் பார்த்துவிட்டுச் சொல்வோம்.

போன மாதம் மழையில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டோம். நண்பனின் அப்பா கண்டிக்கு ஹயர் வந்திருந்தார், எங்களையும் ஏற்றிக்கொண்டார். பின்சீட்டில் நான்கு பேர் நெருங்கி இருந்தோம். தோள் இடித்தது, தலை இடிக்கவில்லை. பாண் பெட்டி என்று சொன்னவன் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அங்கிள், உள்ள நல்ல இடம்தான்" என்றான். அவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "வெளிய இருந்து பாத்தாத்தான் தம்பி சின்னது" என்றார்.