மூளையும் மொழியும்: வலிப்பு நோய் காட்டிய வழி

வலிப்புக் கண்டு வீழ்ந்தவரின் கையிலே இரும்புத் திறப்பொன்றைத் திணிக்கும் வழக்கம் தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக உண்டு. வன்னிக் கிராமங்களும் இதற்கு விலக்கல்ல. பெரும்பாலான வலிப்புக்கள் சில நிமிடங்களில் தாமே அடங்கிவிடுவதால், இரும்பே அதனை அடக்கிற்று என்னும் நம்பிக்கை நிலைத்துவிட்டது. தெய்வக் குற்றமென்றும் பேய்க் கோளாறென்றும் மக்கள் அஞ்சிய இந்நோயே, மனிதனின் மொழி மூளையின் எப்பாகத்தில் உறைகின்றது என்னும் வினாவுக்கு விடை காண வழிகாட்டிற்று என்பது வியப்புக்குரிய வரலாறாகும்.

பாரிஸ் நகரை அடுத்த பிசேத்ர் வைத்தியசாலையில் லெபோர்ன் என்னும் நோயாளி 21 ஆண்டுகள் தங்கியிருந்தார். இளமை முதலே வலிப்பினால் வருந்திய அவர், பின்னர் பேச்சையும் இழந்தார். பிறர் கூறுவதை அவரால் விளங்கிக்கொள்ள முடிந்தது. ஆயினும் ‘தாங்’ என்னும் ஓரொலியே அவர் வாயினின்றும் வந்தது. 1861ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அவர் இறந்தபின், போல் புரோக்கா என்னும் வைத்தியர் அவரது மூளையை ஆராய்ந்து, இடப் பாதியின் முன்பகுதி சிதைந்திருக்கக் கண்டார். மேலும் பல நோயாளரை ஆராய்ந்தபின், மனிதர் இட மூளையாற் பேசுகின்றனர் என 1865இல் அவர் முடிவு கூறினார். இதே கருத்தை மார்க் தாக்ஸ் என்னும் வைத்தியர் 1836இலேயே எழுதிவைத்தார் என்பர். அக்கட்டுரையை அவர் மைந்தர் வெளியிட்டதும் 1865ஆம் ஆண்டிலேயாகும்.

மூளையின் இடப் பாதி உடலின் வலப் பக்கத்தையும், வலப் பாதி இடப் பக்கத்தையும் இயக்குகின்றன. ஆகவே, வலக்கை வழக்கமுடையோருக்கு மொழி இடப் பாதியிலும், இடக்கை வழக்கமுடையோருக்கு வலப் பாதியிலும் அமையும் எனப் பின்வந்த வைத்தியர் பலர் கருதினர். கேட்பதற்கு இது பொருத்தமாகவே தோன்றும். ஆனால் இதனை நம்பிக் கத்தியெடுத்தல் ஆபத்தாயிற்று. 1886இல் இலண்டனில் விக்டர் ஹோர்ஸ்லி வலிப்பு நோய்க்கு மூளைச் சத்திரசிகிச்சை செய்தார். மருந்தினால் அடங்காத வலிப்பு மூளையின் ஓரிடத்திலிருந்தே எழுமாயின், அவ்விடத்தை அகற்றி நோயைத் தணிக்கலாம். அவ்விடம் மொழிக்குரிய பகுதியை அடுத்திருப்பின் யாது நேரும்? வலிப்பு நீங்கலாம், அதனோடு பேச்சும் நீங்கலாம். எனவே, கத்தி படுமுன் பக்கத்தை அறிதல் இன்றியமையாததாயிற்று.

கனடாவில் 1934இல் மொன்றியல் நரம்பியல் நிலையத்தை நிறுவிய வில்டர் பென்ஃபீல்ட், நோயாளி விழித்திருக்கவே சத்திரசிகிச்சை செய்தார். மூளைக்குத் தன்னளவில் நோவுணர்ச்சி இல்லை. ஆதலின், தலையின் தோலை மரக்கச் செய்தல் போதுமானது. மெல்லிய மின்னோட்டத்தை மூளையின் ஓரிடத்திலே செலுத்தியபடி, படமொன்றைக் காட்டிப் பெயர் கேட்பர். பொருளை அறிந்தும் நோயாளி பெயர் கூறமாட்டாது திகைப்பாராயின், அவ்விடம் மொழிக்குரியது எனக் கண்டு அதனை விட்டுவிடுவர். எனினும், மண்டையோட்டைத் திறந்த பின்னரே இது இயலும்.

திறக்குமுன் அறியும் வழியைக் கண்டவர் யப்பானியரான ஜூன் வாடா. கழுத்து நாடியினூடாக அமோபார்பிற்றல் என்னும் மருந்தைச் செலுத்தினால், அந்நாடி குருதி ஊட்டும் மூளைப் பாதி மாத்திரம் சில நிமிடங்கள் உறங்கும். எதிர்ப்பக்கத்துக் கை சோர்ந்து விழும். மொழி அப்பாதியிலே உறைவதாயின் நோயாளியின் பேச்சு நின்றுவிடும். மற்றைப் பாதியிலாயின் அவர் தொடர்ந்து பேசுவார். பின்னர் மறுபாதியையும் இவ்வாறே சோதிப்பர். 1949இல் யப்பானிய மொழியில் இதனை வெளியிட்ட வாடா, பின்னர் மொன்றியல் சென்று, தியடோர் ரஸ்முசனுடன் இணைந்து 1960இல் விரிவான கட்டுரை எழுதினார். ஞாபகசக்தியையும் இவ்வேளையிற் சோதிக்கும் முறையைப் பிரெண்டா மில்னர் வகுத்தார்.

ரஸ்முசனும் மில்னரும் 1977இல் வெளியிட்ட முடிவுகள் பழைய எண்ணத்தைத் தகர்த்தன. இளமையில் இட மூளை சிதையாதவருள், வலக்கையரில் 96 சதவீதத்தினருக்கு மொழி இடப் பாதியிலே இருந்தது. எஞ்சிய 4 சதவீதத்தினருக்கு வலப் பாதியிலே. இடக்கையரிலும் 70 சதவீதத்தினருக்கு இடப் பாதியே. 15 சதவீதத்தினருக்கு வலப் பாதி. மற்றும் 15 சதவீதத்தினருக்கு இரு பாதியும். குழந்தைப் பருவத்தில் இட மூளை பழுதுற்றவரிற் பலருக்கு மொழி வலப் பாதிக்குப் பெயர்ந்திருந்தது. ஆகவே, கையைக் கண்டு மூளையை முடிவு செய்தல் தகாது என்பது உறுதியாயிற்று.

மொன்றியலின் கல்வி தமிழகத்தையும் விரைவில் எட்டியது. பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதலாவது நரம்புச் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடக்கினார். 1952இல் அங்கு வலிப்பு நோய்க்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. திருவனந்தபுரத்துச் சிறீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995இல் தொடங்கிய வலிப்புச் சிகிச்சைத் திட்டம் இப்பணியை மேலும் விரிவாக்கியது.

இன்று, மூளை வேலை செய்யும் பகுதிகளைக் காந்தப் பரிவு முறையாற் படம்பிடித்துக் காட்டும் கருவிகள் வந்துள்ளன. வாடா சோதனை முன்போல அடிக்கடி செய்யப்படுவதில்லை. எனினும், மொழியில் எப்பகுதிகள் பங்குகொள்கின்றன என்பதைப் படம் காட்டுமேயன்றி, எப்பகுதியின்றி மொழி நிகழாது என்பதை அது முற்றாகக் காட்டாது. ஐயம் எழுமிடத்துப் பழைய சோதனை இன்னும் துணைசெய்கின்றது.

எந்தச் சோதனையாயினும், கேட்கப்படும் சொல் நோயாளியின் சொல்லாயிருத்தல் வேண்டும். வயலிலும் குளக்கரையிலும் வாழ்ந்த ஒருவரிடம் அவர் பழகாத பொருளின் படத்தைக் காட்டி, அவர் அறியாத மொழியிலே பெயர் கேட்டால், அவரது மௌனம் எதனையும் உணர்த்தாது. அகப்பையையும் மண்வெட்டியையும் காட்டித் தமிழிலே கேட்டால், அவர் மூளை உண்மையான விடையைத் தரும். பலரை ஆராய்ந்து பொது விதியைக் கண்டது விஞ்ஞானம். அவ்விதி தம்முன் கிடக்கும் ஒருவருக்குப் பொருந்துமோ என அவரையே வினாவி அறிதல் வைத்தியரின் கடமை. ஒருவரின் நோயைத் தீர்க்கப் புகுந்து அவரது தாய்மொழியைப் பறித்துவிடலாகாது என்னும் அச்சமே இவ்வரலாறு முழுவதையும் நடத்தி வந்துள்ளது.