செஞ்சிச் சாலையும் பிரேக் இன்ஸ்பெக்டரும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் நெடுஞ்சாலை, ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே புகுந்துதான் செஞ்சியைக் கடக்கிறது. கோட்டை பார்க்க வரும் சுற்றுலா வேன், நெல் மூட்டை ஏற்றிய லாரி, அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் சிறப்புப் பேருந்து, காலையில் பிள்ளைகளை அள்ளிச் செல்லும் பள்ளி வண்டி என எல்லாமே இவ்வூரைத் தொட்டுத்தான் போகின்றன. இவை ஓடத் தகுதியுள்ளவைதானா என்று பார்த்துச் சொல்பவரை மக்கள் இன்றும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே அழைக்கிறார்கள். அரசு ஏட்டில் அவர் மோட்டார் வாகன ஆய்வாளர்.

வாடகைக்கு ஓடும் வண்டிக்குத் தகுதிச் சான்று வேண்டும் என்று நாடு முழுமைக்கும் வகுத்தது 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதன் இடத்துக்கு வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எஃப்.சி. எனப்படும் இந்தத் தகுதிச் சான்று பற்றிப் பேசுவது அதன் 56ஆம் பிரிவு. புது வண்டிக்கு இரண்டு ஆண்டு, பிறகு ஆண்டுதோறும் என்பதே நெடுநாள் வழக்கம். 2018இல் அது மாறி, எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை என்றானது. சொந்தக் கார், பைக்குக்கு 15 ஆண்டு வரை யாரும் கேட்பதில்லை. இந்தச் சலுகை கொஞ்சம் அதிகம்தான்.

ஆய்வாளர் சும்மா நியமிக்கப்படுபவர் அல்லர். ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் பொறியியலில் பட்டயம் பெற்று, தேர்வாணையத்தின் வழியாக வருபவர். அவருக்கு மேல் வட்டாரப் போக்குவரத்து அலுவலர், சரக அளவில் துணை அல்லது இணை ஆணையர், சென்னையில் போக்குவரத்து ஆணையர். செஞ்சி அடங்கிய விழுப்புரம் மாவட்டத்தின் வண்டிப் பதிவு எண்களில் விழுப்புரத்துக்கு 32, திண்டிவனத்துக்கு 16 என்பதை வண்டிக்காரர் எவரும் தூக்கத்திலும் சொல்வார்.

எஃப்.சி. நெருங்கினால் டிங்கர் பட்டறைக்கும் பெயிண்டருக்கும் ஓய்விருக்காது. பட்டி பார்த்து, வண்ணம் அடித்து, ஒளிரும் பட்டை ஒட்டி, சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தாளில் தேய்த்தெடுத்து, காப்பீடும் புகைச் சான்றும் வரி ரசீதும் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். ஆய்வாளர் எண்களை ஒப்பிடுவார். விளக்கு, ஹாரன், டயர், ஸ்டியரிங் பார்ப்பார். ஓட்டிப் பார்த்துப் பிரேக் அழுத்துவார். வெளிப்பூச்சுக்குச் செலவழிக்கும் அக்கறையில் பாதியைப் பிரேக் லைனிங்குக்குக் காட்டும் முதலாளிகள் குறைவு என்பதைப் பட்டறைக்காரர்களே சொல்வார்கள்.

2012 ஜூலையில் சென்னை புறநகரில் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். மாநிலமே கொதித்தது. அதே ஆண்டு பள்ளி வாகனங்களுக்கெனத் தமிழ்நாடு அரசு சிறப்பு விதிகளைக் கொண்டுவந்தது. அதுமுதல் போக்குவரத்து, காவல், வருவாய், கல்வி ஆகிய நான்கு துறையினரும் கோடை விடுமுறையில் ஒரே மைதானத்தில் கூடிப் பள்ளி வண்டிகளைப் பார்க்கிறார்கள். விழுப்புரத்தில் காகுப்பம் ஆயுதப்படை மைதானத்தில் மஞ்சள் வண்டிகள் வரிசைகட்டி நிற்பது மே மாதக் காட்சி. தரைப்பலகை, அவசர வழி, படிக்கட்டு, முதலுதவிப் பெட்டி, தீயணைப்புக் கருவி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என ஒவ்வொன்றையும் ஏறி இறங்கிச் சோதிக்கிறார்கள். குறை கண்ட வண்டி, சரிசெய்து மறுபடி வரவேண்டியதுதான். ஒருவர் கண்ணில் தப்புவது இன்னொருவர் கண்ணில் படும். போக்குவரத்துத் துறையின் வரலாற்றில் இதைவிடப் பயனுள்ள ஏற்பாடு வேறில்லை என்பது என் கருத்து.

அடுத்த மாற்றம் இயந்திரம். 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும் 2021இல் வந்த விதிகளும் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு வழி திறந்தன. அங்கே உருளைமேல் சக்கரத்தை ஏற்றிப் பிரேக்கின் வலுவை அளக்கிறார்கள். தனியாரும் இவற்றை நடத்தலாம். கட்டாயமாக்கும் கெடுவை மத்திய அரசு ஒருமுறைக்கு மேல் தள்ளிவைத்திருக்கிறது. பொறி பொய் சொல்லாது, சரி; ஆனால் துருப்பிடித்த தரைப்பலகையைக் குனிந்து பார்க்க ஆள் வேண்டும்.

இதைப் படிக்கும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். மாசிப் பெருவிழாவுக்கு மேல்மலையனூர் வரும் கூட்டத்தைச் செஞ்சி நன்கறியும். அவர்களை ஏற்றிவரும் வேன்களுக்கும் பள்ளி வண்டிகளுக்குச் செய்வது போன்ற கூட்டாய்வைத் திருவிழாவுக்கு முந்தைய வாரத்திலேயே செஞ்சியில் நடத்துங்கள்.